சுருங்கை: ஓர் அருஞ்சொல்லின் வரலாறு

‘பின்வருஞ் சொற்களை வாக்கியத்தில் அமைத்துக் காட்டுக’ என்னும் வினாவினை அறியாத மாணவரிலர். அதனை இடாத ஆசிரியருமிலர். வினா எளியது. விடையின் தகுதியை அளப்பதோ அத்துணை எளிதன்று. ‘அகழி’ என்னும் சொல்லுக்கு, ‘யான் நேற்று ஓர் அகழியைக் கண்டேன்’ என ஒரு மாணவன் எழுதினால், அவ்வாக்கியத்தில் எழுத்துப்பிழையில்லை, இலக்கணப்பிழையுமில்லை. ஆயினும், அகழி என்பதை எடுத்துவிட்டு அவ்விடத்தில் யானை, அரண்மனை, அத்திமரம் என எதனை வைப்பினும் அவ்வாக்கியம் குறையின்றி நிற்கும். சொல்லின் பொருளை அது சிறிதும் காட்டவில்லை. ‘பகைவர் மதிலை அணுகாவண்ணம் அரசன் அகழியை ஆழப்படுத்தி நீர் நிறைத்தான்’ என எழுதும் மாணவனோ, அகழி யாது, எங்குளது, எதற்குப் பயன்படுவது என்னும் மூன்றனையும் ஒரு தொடரில் அடக்கிவிடுகின்றான். முன்னையது சொல்லைச் சுமக்கும் வாக்கியம். பின்னையது சொல்லை விளக்கும் வாக்கியம்.

பெருவழக்கான சொற்களுக்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. அகழியை அறியாதார்க்கு அதனை அறிவிக்க நூறு வழிகளுண்டு. ஆனால், நம் பழநூல்களில் மூன்றிடத்தோ நான்கிடத்தோ மட்டும் காணப்பட்டுப் பின்னர் வழக்கிறந்த சொற்களும் உள. அத்தகைய சொல்லின் பொருளுக்கு அது நின்ற தொடர்களே முதற்சான்று. அத்தொடர்களை ஊன்றி நோக்கின் சொற்பொருள் மட்டுமன்றி, அச்சொல்லை வழங்கிய மக்களின் நகரும் நீரும் போரும் வாணிகமும் புலப்படும். நோக்காதுவிடின், அகராதி கூறும் ஒரு சொற்பொருளைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதோடு நம் கல்வி முடிந்துவிடும். இவ்வுண்மையைச் ‘சுருங்கை’ என்னும் ஓர் அருஞ்சொல்லைக்கொண்டு நாட்டுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

தொடரைக்கொண்டு சொற்பொருள் காணும் நெறி நம்மவர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் உரியியலிலே பயிலாத சொற்களைப் பயின்ற சொற்களோடு சார்த்தி உணர்த்துகின்றார். அவ்வியலின் இறுதிப் பகுதியில், உரிச்சொற்களின் பொருளை அவற்றின் முன்னும் பின்னும் வரும் மொழிகளை ஆராய்ந்து துணிதல் வேண்டும் என்னும் கருத்தையும் அவர் வைத்துள்ளார். ஒரு சொல்லுக்கு இன்ன பொருள் வந்தமைக்குரிய காரணம் பார்த்தவளவிலே விளங்கிவிடாது என்னும் எச்சரிக்கையும் அங்கேயே உளது. முன்னது அகராதி செய்வார்க்கு விதி. பின்னது சொற்பிறப்பு ஆராய்வார்க்குக் காவல். இவ்விரண்டும் பின்வரும் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிகளாக நிற்பன.

நிகண்டுகள் வேறொரு நெறியிற் சென்றன. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் ஒருபொருட் பல்பெயர்களையும் பலபொருள் ஒருசொற்களையும் செய்யுளில் அடுக்கி, மனத்திற் பதியுமாறு தந்தன. திண்ணைப் பள்ளிகளில் நிகண்டு பாடஞ்செய்த தலைமுறையினர் சொல்வளத்திற் சிறந்திருந்தமைக்கு அவையே காரணம். ஆயின், நிகண்டில் சொல் உண்டு; பொருளுண்டு; சொல் நின்ற தொடர் இல்லை. அக்குறையை நிரப்பியவர் உரையாசிரியர்கள். சேனாவரையரும் பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் ஒரு சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்து, அதே சொல் பிறிதோரிடத்தில் வந்த தொடரை எடுத்துக்காட்டித் தம் துணிபை நிலைநிறுத்துவர். எடுத்துக்காட்டு என்பது அவர்க்கு அணிகலனன்று; சான்று.

அச்சுக் காலத்து அகராதிகளின் வரலாற்றிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி நிகண்டுச் சொற்களை அகரநிரற்படுத்தித் தேடுவார்க்கு எளிமை செய்தது. நம் யாழ்ப்பாணத்தில் 1842இல் வெளிவந்து மானிப்பாய் அகராதி என வழங்கிய பெருநூல், சந்திரசேகர பண்டிதர் முதலியோரின் உழைப்பால் ஏறத்தாழ 58,500 சொற்களைத் திரட்டித் தந்தது. அது யாழ்ப்பாணத்துக்குப் பெருமை தரும் பணியென்பதில் ஐயமில்லை. எனினும் அதன் ஆசிரியர்களுக்கு ஒரு பெருந்தடை இருந்தது. சங்கச் செய்யுள்களும் காப்பியங்களும் அக்காலத்தில் ஏட்டுச்சுவடிகளில் அடங்கிக் கிடந்தன. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையை அச்சேற்றியது 1887இல், உ. வே. சாமிநாதையர் அவர்கள் சிலப்பதிகாரத்தை உரையுடன் வெளியிட்டது 1892இல், மணிமேகலை 1898இல், பரிபாடல் 1918இல். ஆகவே, ஓர் அருஞ்சொல் எவ்வெத் தொடர்களில் வந்ததென ஒருங்குவைத்து ஒப்பிடும் வாய்ப்பு 1842இல் எவர்க்கும் எளிதிற் கிட்டுவதாயில்லை.

அவ்வாய்ப்பு வந்தபின் எழுந்ததே சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் அநுபந்தமாகவும் வெளிவந்த அந்நூல், சொற்பொருளோடு சொல் வந்த நூலின் இடத்தையும் மேற்கோளையும் சுட்டியது. ஆங்கிலத்தில் 1755இல் சாமுவேல் ஜோன்சன் தம் அகராதியில் மேற்கோள்களை எடுத்தாண்டமையும், 1884இல் வெளிவரத் தொடங்கி 1928இல் நிறைவுற்ற ஒக்ஸ்போட் ஆங்கில அகராதி ஒவ்வொரு சொல்லுக்கும் காலமுறைப்படி மேற்கோள் காட்டியமையும் கற்றார் அறிவர். நம் பேரகராதியும் அத்தகைய முறையைக் கைக்கொண்டமையின், உரையாசிரியர் வகுத்த பழைய பாதை புதிய வடிவில் மீண்டும் திறக்கப்பட்டது எனலாம்.

இனி, எடுத்துக்கொண்ட சொல்லுக்கு வருவோம். சுருங்கை என்னும் சொல்லின் பொருள் காண்பதற்கு நான்கு இடங்கள் பெரிதும் துணைபுரிவன. அவற்றுள் ஒன்று சிலப்பதிகாரத்திலும், ஒன்று பரிபாடலிலும், இரண்டு மணிமேகலையிலும் உள்ளன.

முதலிடம், சிலப்பதிகாரத்து மதுரைக்காண்டத்தில் ஊர்காண் காதை. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விடுத்துக் கோவலன் மதுரை மாநகரைக் காணப் புறப்படுகின்றான். காவற்காடு சூழ்ந்த அகழி நீர் பரந்து கிடக்கின்றது. அங்கே பெரிய கையையுடைய யானைகளின் கூட்டம் பெயர்ந்து செல்லும் சுருங்கை வீதி ஒன்றுளது. அதன் மருங்கே சென்று, மதில் வாயிலைக் காத்துநின்ற வாளேந்திய யவனர் ஐயுறாவண்ணம் கோவலன் உட்புகுகின்றான். இத்தொடர் நமக்கு அறிவிப்பன பல. சுருங்கை, மதிலையும் அகழியையும் சார்ந்தது. அது வீதி என்னும் பெயர் பெறுமளவிற்கு நீண்டது. யானைநிரை செல்லுமளவிற்கு அகன்றது. அவ்வாயிலின் காவலர் யவனர் என்பதையும் இங்கே மனத்திற்கொள்ளுக.

இரண்டாமிடம், பரிபாடலின் இருபதாம் பாடல். வையையிற் புதுப்புனல் பெருகி வருகின்றது. அது நெடிய சுருங்கையின் நடுவழியே போந்து கூடல் மதிலினுட் சொரிகின்றது. அக்காட்சியைப் புலவர், களிறு தன் கையை நிமிர்த்து விடும் நீருக்கு ஒப்பிடுகின்றார். யானை செல்லும் வழியாகச் சிலப்பதிகாரம் காட்டிய சுருங்கை, ஈண்டு நீர் செல்லும் வழியாகின்றது. உவமையை நோக்குக. யானையின் கை உள்ளே துளையுடைய நெடுங்குழாய். நீர் அதனுட் கரந்து வந்து வாயில் வெளிப்பட்டு வீசும். மதிலினூடே மறைந்து வந்து உட்புறம் வீழும் நீருக்கு இதனினும் பொருத்தமான உவமை காண்டல் அரிது. சுருங்கையின் வடிவினைக் கூறப் புலவர் தனியே ஒரு சொல்லும் செலவிட்டாரல்லர். உவமையே அப்பணியைச் செய்துவிட்டது.

மூன்றாமிடம், மணிமேகலையில் அறவணர்த் தொழுத காதை. அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் மொழியில் இச்சொல் வருகின்றது. பெரிய குளத்தின் மருங்கில் அமைந்த சுருங்கையாகிய சிறிய வழியினூடே பெருவெள்ளம் புகுவதுபோல, அளத்தற்கரிய நல்லறம் மாந்தரின் சிறிய செவிவழியே புகும் என்பது கருத்து. ஈண்டு மதிலுமில்லை, யானையுமில்லை. குளக்கட்டினூடே நீர் செல்லும் வாயில் உளது. தமிழகத்தார் மதகு என்றும், நம் வன்னிக் கமக்காரர் துருசு என்றும் கூறுவனவற்றோடு ஒத்த அமைப்பு இது. குளத்தின் பரப்பு எத்துணைப் பெரிதாயினும், அதன் நீர் செல்வது கட்டினடியிலுள்ள அச்சிறுவழியாலேயே என்பதை நம் மாணவர் பலரும் நேரிற் கண்டிருப்பர்.

நான்காமிடம், அந்நூலின் கச்சிமாநகர் புக்க காதைத் தொடக்கத்தில் வரும் வஞ்சிமாநகர் வருணனை. மகளிர் கூந்தல் கழுவிய மணநீரும், எந்திர வாவியில் இளைஞரும் மகளிரும் ஆடியதனாற் சாந்து கலந்த நீரும், பிறவும் நகரினின்றும் வழிந்து அகழியை அடைகின்றன. அகழியில் வாழும் முதலைகளும் மீன்களும் தம் புலால் நாற்றம் நீங்கப்பெறுகின்றன. அந்நீர் வழியைக் குறிக்குமிடத்துச் சாத்தனார் சுருங்கையோடு தூம்பு என்னும் சொல்லையும் இணைத்து வழங்குகின்றார். இங்கே சுருங்கை, மனைகளின் கழிநீரைக் கரந்து கொண்டுசெல்லும் வடிகால்.

நான்கு தொடர்களையும் ஒருங்குவைத்து நோக்குவோம். ஒன்றில் யானை செல்கின்றது; மூன்றில் நீர் செல்கின்றது. ஒன்றில் நீர் நகரினுட் புகுகின்றது. ஒன்றில் நகரினின்றும் வெளியேறுகின்றது. ஒன்றில் வழி பெரிது, ஒன்றில் சிறிது. மாறுவனவற்றை ஒதுக்கிவிட்டு மாறாததை எடுத்துக்கொள்ளின் எஞ்சுவது யாது? மதிலோ கட்டோ மனையோ ஆகிய ஒரு தடையினூடாக, மேலே மூடுண்டு ஊடுருவிச் செல்லும் வழி என்பதே. இதுவே சுருங்கையின் பொருள். இதனை எவரும் நமக்கு வரைவிலக்கணமாகச் சொல்லித் தரவில்லை. எடுத்துக்காட்டுகளை ஒப்பிட்டு யாமே கண்டுகொண்டோம்.

இங்ஙனம் காண்பதனால் ஒரு தடுமாற்றம் நீங்குகின்றது. சுருங்கை என்றவுடன் சுருங்குதல் என்னும் வினை எவர்க்கும் நினைவுக்கு வரும். சுருங்கிய வழி ஆதலின் சுருங்கை எனப்பட்டது என்று காரணங் கூறவும் தோன்றும். ஓசையொப்புமை உள்ளதே. ஆயின் யானைக்கூட்டம் பெயரும் வீதியைச் சுருங்கிய வழி என எங்ஙனம் கூறுவது? மணிமேகலையாசிரியரும் குளத்துச் சுருங்கை சிறிது என்பதை உணர்த்தச் சிறுவழி எனத் தனியே அடைகொடுத்துக் கூறுகின்றார். எனவே சிறுமையும் குறுமையும் அச்சொல்லின் உள்ளுறையல்ல. இடத்திற்கேற்ப வந்து சேர்வன. சொற்பிறப்புக் காரணம் பார்த்தவளவில் விளங்காது எனத் தொல்காப்பியர் கூறியதற்கு இஃது ஒரு சான்றாகும்.

அங்ஙனமாயின் இச்சொல் எங்கிருந்து வந்தது? வடமொழியில் சுருங்கா, சுரங்கா என்னும் வடிவங்கள் உள. மகாபாரதத்து ஆதிபருவத்தில், அரக்குமாளிகையினின்றும் பாண்டவர் தப்புதற்கு விதுரன் அனுப்பிய அகழ்வோன் தோண்டிய நிலவறைவழி சுருங்கா எனப்படுகின்றது. கௌடலியரின் அர்த்தசாத்திரத்தில், அரசன் உறையும் மாளிகையினின்றும் கரந்து வெளியேறும் வழிகளைக் கூறுமிடத்தும், கோட்டை முற்றுகையைக் கூறுமிடத்தும் அச்சொல் வருகின்றது. வடமொழிக்கும் அது தொன்றுதொட்டு உரிய சொல்லன்று எனவும், கிரேக்கமொழியின் சூரிங்க்ஸ் என்னும் சொல்லே இங்ஙனம் திரிந்தது எனவும் மொழிநூலார் பலர் கொள்வர். அனைவரும் இதற்கு உடன்பட்டாரல்லர். எனினும் வலிமையுடைய கொள்கை இதுவே.

கிரேக்கத்தில் சூரிங்க்ஸ் என்பதன் முதற்பொருள் ஆயர் ஊதும் குழல். பின்னர்த் துளையுடைய குழாய் போன்ற பொருள்கள் பலவற்றுக்கும் அப்பெயர் பரவியது. கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான பொலிபியசு என்னும் வரலாற்றாசிரியர், அலெக்சாந்திரியா நகரத்து அரண்மனைப் பகுதியிலிருந்த மூடிய நடைவழியொன்றை இச்சொல்லாற் குறிக்கின்றார். எகிப்து நாட்டுத் தீபை நகரின் அருகே மலையைக் குடைந்து அமைத்த அரசர் கல்லறைகளையும் கிரேக்கர் இப்பெயரால் வழங்கினர். ஆங்கில மருத்துவர் கையாளும் ‘சிரிஞ்சு’ என்னும் ஊசிக்குழலின் பெயரும் இவ்வேரினின்றே பிறந்தது. வேய்ங்குழல், குழாய், மூடிய வழி என இப்பொருள்கள் வளர்ந்த நெறி தெளிவாகவுளது. பரிபாடற் புலவர் சுருங்கைக்கு யானையின் கையை உவமித்ததும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. அவர் கிரேக்கம் கற்றிருந்தார் என்று கூறுவது மிகை. பொருளின் வடிவு குழாய் வடிவே ஆதலின், இரு நாட்டார் மனத்திலும் ஒத்த உவமை தோன்றியது என்பதே அமையும்.

சிலப்பதிகாரத் தொடரை மீண்டும் நினைவுகூர்வோம். சுருங்கை வீதியைக் கடந்த கோவலன் எதிர்ப்பட்டது யவனக் காவலரை அன்றோ? யவனர் என்பது முதற்கண் கிரேக்கரையும், பின்னர் உரோமப் பேரரசின் பகுதிகளினின்றும் வந்த மேற்றிசையாரையும் குறித்த பெயர். கிரேக்கத்தினின்றும் வந்ததாகக் கருதப்படும் ஒரு சொல்லும் யவனர் என்னும் பெயரும் அடுத்தடுத்து ஒரு காட்சியில் நிற்றல் வியப்பைத் தருவது. இதனைப் போன்ற பிறிதோரிடமும் உண்டு. குதிரைச் சம்மட்டியைக் குறிக்கும் மத்திகை என்னும் அருஞ்சொல் கிரேக்கத்து மாஸ்திக்ஸ் என்பதனோடு ஒப்புநோக்கப்படுவது. முல்லைப்பாட்டில் அரசனது பாசறையை வருணிக்குமிடத்து, அம் மத்திகை சூழ்ந்த உடையினராய்க் காட்சிதருவோர் யவனரே. அகநானூறு முசிறித் துறைக்கு வந்து பொன்னைத் தந்து மிளகைக்கொண்டு மீளும் யவனர் கலங்களைக் கூறுகின்றது. மணிமேகலை யவனத் தச்சரைக் கூறுகின்றது. முசிறியினின்றும் அலெக்சாந்திரியாவுக்குச் செல்லும் சரக்கைப் பற்றிக் கி.பி. 2ஆம் நூற்றாண்டிற் கிரேக்கமொழியில் எழுதிய ஒப்பந்த ஏடொன்று 1985இல் வெளியிடப்பட்டு இவ்வாணிகத்தை மேலும் விளக்கிற்று. இத்துணைத் தொடர்பு இருந்தவிடத்துச் சொற்கள் கைம்மாறியிருத்தல் இயல்பே.

ஆயினும் இங்கே அவசரம் ஆகாது. யவனர் அருகில் நின்றமையாலே சுருங்கை யவனர் வாயினின்று நேரே தமிழர் செவிக்கு வந்தது என்று முடிவுகட்டல் கூடாது. சொல்லின் வடிவத்தையும் நோக்கவேண்டும். வடமொழியில் ஆகாரத்தில் முடியும் சீதா, மாலா என்பன தமிழில் சீதை, மாலை என ஐகாரம் பெறுவன. சுருங்கா என்பது சுருங்கை ஆதல் இவ்வழக்கோடு முற்றும் பொருந்துகின்றது. ஆதலின் கிரேக்கச் சொல் முதலில் வடபுலத்தில் வழங்கி, அங்கிருந்து தமிழகம் போந்தது எனக் கொள்வதே தக்கதாகத் தோன்றுகின்றது. யவனர் அருகே நிற்கும் காட்சி தொடர்பின் சூழலைக் காட்டுகின்றது; சொல்லின் வடிவு வந்த பாதையைக் காட்டுகின்றது. இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை.

ஒரு சொல்லின்மீது அளவுக்கு மிஞ்சிய பாரத்தை ஏற்றுவதனால் வரும் இடரையும் இச்சொல்லின் வரலாறே காட்டுகின்றது. அர்த்தசாத்திரம் 1909இல் அச்சேறியபின் அதன் காலத்தைப்பற்றிப் பெரும் வாதம் எழுந்தது. சந்திரகுப்த மோரியன் காலத்ததாகிய கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியை அதற்கு உரித்தாக்கினர் ஒரு சாரார். 1925இல் ஒட்டோ ஸ்ரைன் என்னும் அறிஞர் சுருங்கா என்னும் சொல்லைத் தனியே ஆராய்ந்து, அது கிரேக்கச் சொல்லாதலின் நூல் அத்துணைப் பழமையுடையதாக இருத்தல் இயலாதென வாதித்தார். வாதம் நுட்பமானதே. ஆயின் 1971இல் தோமசு திரௌத்மன் என்பார் அந்நூலின் நடையைக் கணக்கியல் முறையால் ஆராய்ந்து, அது பலர் கைப்பட்ட பகுதிகளின் தொகுப்பு எனக் காட்டினார். தொகுப்பு நூலொன்றில் ஒரு சொல் ஓரிடத்தில் வந்தது என்பது அவ்விடத்தின் காலத்துக்குச் சான்றாகலாம். நூல் முழுவதன் காலத்துக்கும் சான்றாகுமா? இக்கேள்வி நம் நூல்களுக்கும் பொருந்தும். பிறமொழிச் சொல் ஒன்று கண்டவுடன் நூல் பிற்பட்டது எனத் தள்ளுவாரும், நூல் முற்பட்டது என்னும் பற்றினால் அச்சொல்லைத் தனித்தமிழ் எனச் சாதிப்பாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் சொல்லை நோக்குகின்றனர், தொடரை நோக்குகின்றாரல்லர்.

தொடரை நோக்குவார்க்குப் பிறிதோர் உண்மையும் கிடைக்கும். மேலே காட்டிய வடமொழி இடங்களில் சுருங்கா என்பது பெரும்பாலும் கரவோடு சேர்ந்தது. தப்பி ஓடுவோரும், முற்றுகையிடுவோரும், பகைவர்க்கு அஞ்சும் அரசரும் அதனைப் பயன்படுத்துகின்றனர். தமிழில் மேலே கண்ட நான்கிடங்களிலும் ஒருவரும் தப்பி ஓடவில்லை. ஒரு கோட்டையும் வஞ்சனையாற் பிடிபடவில்லை. யானைகள் செல்கின்றன, ஆற்றுநீர் நகர்க்கு வருகின்றது, குளத்துநீர் பாய்கின்றது, கழிநீர் அகலுகின்றது. போர்த்தொழிலின் சொல்லாக விளங்கிய ஒன்று, தமிழ்ப் புலவர் கையில் நகரமைப்பின் சொல்லாகவும் நீர்மேலாண்மையின் சொல்லாகவும் ஆயிற்று. கடன்பெற்ற சொல் எனினும், அதனைக்கொண்டு தமிழர் கூறியது தம் வாழ்வையே. இரவற் சொல்லால் ஒரு மொழி வறுமையுறுவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

மதுரையை அடுத்த கீழடியில் 2015இல் தொடங்கிய அகழாய்வுகளிற் சுடுமண் குழாய்களும் வாய்க்கால் அமைப்புகளும் வெளிப்பட்டன. அவற்றை அக்காலத்தார் சுருங்கை என்றே அழைத்தனர் எனத் துணிய நமக்கு உரிமையில்லை. பெயர்பொறித்த பலகை எதுவும் அங்கே கிடைத்திலது. எனினும் நீரை மூடிய வழியிற் கொண்டுசெல்லும் திறம் வையைக்கரை மக்களுக்குப் புதிதன்று என்பது அவற்றால் உறுதிப்படுகின்றது. காப்பியத்து வருணனை வெறுங் கற்பனை என ஒதுக்குவார்க்கு இது தக்க விடையாம்.

ஒரே பொருளுக்கு அயலார் வேறு சொல் கொண்டமையும் அறியத்தக்கது. பாலிமொழிச் சாதகக்கதைகளுள் மகோசதன் என்னும் அறிஞன் தோண்டுவித்த பெருஞ்சுரங்கத்தின் கதை புகழ்பெற்றது. அங்கு வழங்குவது உம்மக்க என்னும் சொல். அதன் வழிவந்த உமக என்பது சிங்களத்தில் இன்றும் சுரங்கவழியைக் குறிக்கின்றது. தமிழிலோ சுருங்கை வழக்கிறந்து, அதன் உறவாகிய சுரங்கம் என்பது எஞ்சி, கனிப்பொருள் தோண்டும் குழியையும் நிலத்தடி வழியையும் குறிப்பதாயிற்று. கேரளத்துக் காசர்கோட்டுப் பகுதியில் மலைச்சரிவைக் கிடையாகக் குடைந்து நீர் பெறும் வழிகளைச் சுரங்க என்றே அம்மக்கள் அழைக்கின்றனர். நீரோடு கொண்ட பழைய உறவை அச்சொல் அங்கே இன்னும் விடவில்லை.

கல்லூரி மாணவர்க்கு இதனால் ஆவது யாது? அருஞ்சொற்பொருள் மனனஞ் செய்வது தேவையே. அதனோடு நின்றுவிடல் தகாது. ஓர் அருஞ்சொல்லைக் காணுமிடத்து மூன்று வினாக்களை எழுப்புக. அஃது எப்பொருள்களின் அயலில் நிற்கின்றது? என்ன வினையைக் கொள்கின்றது? பிறிதோரிடத்தில் வருமாயின் அங்கே எது மாறுகின்றது, எது மாறாதிருக்கின்றது? இம்மூன்றுக்கும் விடைகண்ட மாணவன் பின்னர்த் தானே ஒரு வாக்கியம் அமைப்பானாயின், ‘அவன் ஒரு சுருங்கையைக் கண்டான்’ என எழுதமாட்டான். ‘மழைக்காலத்தில் ஊர்நடுவே தேங்கிய நீர், தெருவின்கீழ் அமைத்த சுருங்கை வழியே ஓடிக் கடலை அடைந்தது’ என எழுதுவான். அவ்வாக்கியத்தைப் படிப்பார் அகராதியை நாடவேண்டுவதில்லை. ஆயிரமாண்டுக்கு மேற்பட்ட ஒரு சொல் அவ்வொரு வாக்கியத்தில் மீண்டும் தொழில்புரியத் தொடங்கிவிடும்.

ஆசிரியர்க்கும் இதிற் கடமையுண்டு. வாக்கியத்தில் அமைத்துக் காட்டுக என வினவுமுன், அச்சொல்லைப் புலவர் அமைத்துக் காட்டிய இடத்தை மாணவர்க்குக் காட்டவேண்டும். ஒரு பாடவேளையில் இருபது சொற்களுக்குப் பொருள் எழுதுவிப்பதிலும், ஒரு சொல்லை நான்கிடத்தில் வைத்து ஆராய்விப்பது மெதுவான பணி; தேர்வுக்கு உடனே பயன்படாததுபோலவும் தோன்றும். ஆயின் அங்ஙனம் கற்ற ஒரு சொல், பிற சொற்களைத் தானே கற்கும் முறையையும் மாணவனுக்குக் கொடுத்துவிடுகின்றது. பெருங்குளத்து நீர் சிறிய சுருங்கையூடே பாய்ந்து வயலெல்லாம் பரக்குமாப்போலே, ஒரு சிறுசொல்லின் வழியே ஒரு காலத்தின் வரலாறு மாணவர் செவியிற் புகக்கூடும். வழியைத் தூர்ந்துபோகவிடாது காப்பது நம் பொறுப்பு.